"வளரும்" என்று சொல்லிவிட்டேன்

"வெட்டினால் நுனி அடர்த்தியாக வளருமா?" என்று முடி வெட்ட வந்த பெண்மணி கேட்டார். "வளரும்" என்றேன். கத்தரியைக் கையில் எடுத்த பிறகு சொன்ன அந்த ஒற்றைச் சொல்தான் இரண்டு மாதங்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. முடி வெட்டும் தொழிலில் இருப்பவர்கள் நாள்தோறும் சொல்லும் பதில் அது. அதற்கு முன் நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இடுப்பைத் தொடும் முடி அவருக்கு. பிடரியில் இரண்டு சுற்றிலேயே இறுகி நின்ற ரப்பர் பேண்ட், பின்னலின் முனையில் ஐந்து சுற்றுச் சுற்றியும் நழுவியது. நுனியை வெள்ளைத் துண்டின் மேல் பரப்பியபோது துண்டின் இழைகள் முடியினூடே தெரிந்தன. ஆனால் முதுகின் நடுவில், வேரிலிருந்து ஏறத்தாழ 45 செ.மீ. அளவில், ஏராளமான முடிகள் ஒரே மட்டத்தில் முடிந்திருந்தன. அறுந்த முடியென்றால் முனை பிசிர் பிசிராக இருக்கும். இவற்றின் முனைகளோ ஊசிபோல் கூர்ந்திருந்தன. கத்தரி படாத புதுமுடிக்குத்தான் அந்தக் கூர்மை உண்டு. மூன்று வருடங்களுக்கு முன்னால் உடம்புக்கு ஏதும் வந்ததா என்று கேட்டேன். கடுமையான காய்ச்சல் வந்ததாகவும், குணமாகி இரண்டு மூன்று மாதங்கள் கழித்துச் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்ததாகவும் சொன்னார்.

முடி மாதத்துக்குச் சுமார் 1.25 செ.மீ. வளரும் என்றால் மூன்று வருடத்தில் 45 செ.மீ.; கணக்கு அப்படியே பொருந்தியது. அவருடைய நுனி மெலிந்ததற்கான காரணம் நுனியில் இல்லை. அன்று உதிராமல் தப்பிய முடிகள் மட்டுமே இடுப்புவரை வந்திருந்தன; உதிர்ந்து மறுபடி முளைத்தவை இன்னும் பாதி வழியில் இருந்தன. இவ்வளவும் நான் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

வெளியே தெரியும் முடி உயிரற்றது. நுனியில் கத்தரி பட்டது தோலுக்கடியில் இருக்கும் வேருக்குத் தெரிய வழியே இல்லை. வெட்டியதும் அடர்த்தி கூடியதுபோல் கைக்குப் படுவது, தேய்ந்து மெலிந்த முனை போய், மழுங்கிய தடித்த வெட்டுவாய் விரலில் தட்டுவதால்தான். இதை விளக்கப் பத்து நிமிடம் ஆகும், இரண்டு பேர் காத்திருந்தார்கள் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "வளராது" என்று சொன்னால் அவர் எழுந்து போய்விடுவாரோ என்று அஞ்சினேன் என்பதுதான் உண்மைக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும்.

வேலையில் குறை வைக்கவில்லை. அடுக்கடுக்காக லேயர் எதுவும் போடாமல், நான்கு அங்குலம் குறைத்து, நுனியை ஒரே நேர்கோடாக நிறுத்தினேன். அது சரியான வெட்டு என்றே இன்றும் நினைக்கிறேன். நீள முடியும் குட்டை முடியும் ஒரே வேகத்தில் வளர்வதால் பின்னால் வருவது முன்னால் போனதை எட்டிப் பிடிக்கவே முடியாது. ஒன்று, பழைய முடி தன் ஆயுள் முடிந்து உதிர வேண்டும், அல்லது கத்தரி அதைக் காத்திருக்க வைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நான் சொன்னது பலனில் பொய்யாகவில்லை. ஆனால் அவர் பலனைக் கேட்கவில்லை, வளருமா என்றே கேட்டார்; இந்த இடத்துக்கு வந்ததும் என் சமாதானம் ஒவ்வொரு முறையும் நின்றுபோகிறது.

ஒரு வருடம் கழித்து, இரண்டு மாதங்களுக்கு முன், தன் தங்கையை அழைத்துக்கொண்டு வந்தார். இடையில் வேறோர் இடத்தில் மாதந்தோறும் அரை அங்குலம் வெட்டி வந்திருக்கிறார். மாத வளர்ச்சியும் ஏறக்குறைய அதே அளவுதான் என்பதால் நான் நிறுத்திய கோடு நிறுத்திய இடத்திலேயே இருக்க, காய்ச்சலுக்குப் பின் முளைத்த முடியெல்லாம் வந்து அதில் சேர்ந்திருந்தது. நுனி கைக்கு நிறைவாக இருந்தது. "நீங்கள் சொன்னது அப்படியே பலித்துவிட்டது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவளையும் ஒரு வருடமாக மாதாமாதம் வெட்ட வைக்கிறேன். இவளுக்கு மட்டும் ஏன் அடர்த்தியாகவில்லை?"

தங்கையின் தலையைக் குனியச் சொல்லிப் பார்த்தேன். வகிடு உச்சியில் விரல் அகலத்துக்கு விரிந்து தோல் தெரிந்தது. அங்கிருந்த முடி ஒவ்வொன்றும் பிடரி முடியைவிட மெல்லியதாக இருந்தது. இது வேரில் நடப்பது. தோல் மருத்துவரைப் பார்த்து, இரும்புச்சத்துக் குறைவா, தைராய்டா என்று இரத்தப் பரிசோதனையும் செய்திருக்க வேண்டிய ஒரு வருடத்தை அந்தப் பெண் கத்தரிக்குக் கொடுத்திருக்கிறாள். அவளிடம் நான் எதுவும் சொன்னதில்லை என்பது உண்மை. அவளுடைய அக்காவிடம் சொன்னேன் என்பதும் உண்மை. என் ஒரு சொல் இல்லாவிட்டாலும் வேறு யாராவது அவளுக்கு இதையே சொல்லியிருப்பார்கள் என்று சில நாள் தோன்றுகிறது, மறுநாள் அது எனக்கே ஒப்பவில்லை.

அன்று தங்கைக்கு முடி வெட்டவில்லை. வெட்டினால் வளராது, முதலில் மருத்துவரைப் பாருங்கள் என்றேன். அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அப்படியானால் எனக்கு எப்படி வளர்ந்தது?" என்றார். காய்ச்சல், உதிர்வு, ஊசிமுனை, எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கோபப்படவில்லை. நுனியை முன்னால் எடுத்துப் போட்டுப் பார்த்தபடி, "அன்றைக்கு வெட்டாமலே விட்டிருந்தால்?" என்று கேட்டார். இன்னும் எட்டு மாதத்தில் இடுப்புவரை இதே அடர்த்தி வந்திருக்கும், அதற்குக் கீழே மெலிந்து தொங்குவதை மட்டும் அப்போது எடுத்தால் போதும் என்றேன். முதல் நாளிலிருந்து கணக்கிட்டால் இருபது மாதம். நீளம் குறையக் கூடாது என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர். இருபது மாதம் காத்திருக்க முடியுமா என்று அன்று நான் அவரைக் கேட்கவில்லை.