வால்வெள்ளிக் குறிப்புகள்: மணற்காடும் பண்ணையும்

2024 செப்டெம்பர் 28, சனி

சுச்சின்ஷான்–அட்லஸ் வால்வெள்ளி நேற்று சூரியனைச் சுற்றித் திரும்பிவிட்டது. பட்டியற் பெயர் சி/2023 ஏ3. சூரியனை நெருங்கிய தூரம் 0.391 வானியல் அலகு. அதாவது ஏறத்தாழ 5 கோடியே 85 இலட்சம் கிலோமீற்றர், புதனின் சராசரித் தூரமளவு. அந்த வளைவில் அதன் வேகம் செக்கனுக்கு 67 கிலோமீற்றர்.

ஜூலையில் வானியலாளர் செக்கானினா இது சூரியனிடம் போய்ச் சேருமுன்பே உதிர்ந்துவிடும் என்று கட்டுரை எழுதியிருந்தார். வால்வெள்ளிகளோடு அவரளவுக்குக் காலம் தள்ளியவர்கள் குறைவு. ஆனாலும் இது உதிரவில்லை. எந்த நாளில் எந்த இடத்தில் நிற்கும் என்று போன வருடமே சொல்லிவைத்தார்களோ, அந்த இடத்தில் நிற்கிறது. வெளிச்சத்துக்கு மட்டும் இன்றைக்கும் ஆளுக்கொரு எண்.

செப்டெம்பர் 30, திங்கள்

விடியப்புறம் மணற்காட்டுக்கு வெளிக்கிட்டோம், நானும் அக்காவின் மகனும். யாழ்ப்பாண நகருக்குள் கிழக்கு அடிவானம் என்று ஒன்றே இல்லை. பனையும் தண்ணீர்த் தாங்கியும்தான். மணற்காட்டில் மணல்மேட்டில் ஏறி நின்றால் நேரே கடல்.

ஐந்து மணிக்குத் தேய்பிறை மகத்துக்குப் பக்கத்தில் நின்றது. அதற்குக் கீழே வலப்பக்கமாகப் பைனொக்குலரை இறக்கிக்கொண்டு வந்தால் அகப்பட்டது. சின்னத் தலை, அதிலிருந்து நேர் மேலே ஒரு வெள்ளைக் கீற்று. இடம் தெரிந்த பிறகு வெறுங்கண்ணுக்கும் மட்டுமட்டாகத் தெரிந்தது. ஒளிப்பருமன் (எண் குறையக் குறைய வெளிச்சம் கூட) இரண்டரை என்று குறித்தேன், அதுவும் கேள்விக்குறியோடு. அவ்வளவு தாழ்வில் காற்றும் கடல் ஈரமும் வெளிச்சத்தைத் தின்றுவிடும். ஒப்பிடப் பக்கத்தில் அதே உயரத்தில் நட்சத்திரமும் இல்லை.

வலை இழுக்க வந்த ஒருவர் பைனொக்குலரை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வால்வெள்ளி வந்தா ராசாவுக்கு ஆகாதெண்டு சொல்லுவினம் அண்ணை. இது தேர்தல் முடிஞ்சாப் பிறகு வந்து என்ன செய்யப்போகுது?"

ஒக்டோபர் 10, வியாழன்

சில நாட்களாக வெறுங்கண்ணுக்கு வேலையில்லை. வால்வெள்ளி எங்களுக்கும் சூரியனுக்கும் இடையில் குறுக்கே போகிறது. சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் சோஹோ விண்கலத்தின் படங்களைக் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தலை வெளிச்சத்தில் கமராவே திணறிப் பக்கவாட்டில் வெள்ளைக் கோடு இழுத்திருக்கிறது. நேற்று மறை 4.9 வரை போனதாகச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிரகத்தையே தாண்டிய வெளிச்சம், ஆனால் பட்டப்பகலில் சூரியனுக்குப் பக்கத்தில்.

இத்தனைக்கும் வால்வெள்ளி கூடுதலாக எதையும் கக்கவில்லை. கூரை ஓட்டை வழியே வெயில் விழும்போது எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் தூசு மின்னுமல்லவா, அதே சங்கதிதான். சூரியனுக்கு இந்தப் பக்கம் வந்த தூசு ஒளியை எங்களை நோக்கிச் சிதறடிக்கிறது. கோணம் மாறினால் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். "வெளிச்சம் கூடிவிட்டது, ஏதோ வெடித்துவிட்டது" என்று பகிர்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

ஒக்டோபர் 14, திங்கள்

பண்ணைப் பாலம், பின்னேரம். நேற்று முன்தினம் பூமிக்கு மிகக் கிட்ட வந்து போய்விட்டது, ஏழு கோடி கிலோமீற்றர் தூரத்தில். இரண்டு நாளாக மேற்கு முழுக்க மப்பு. இன்றைக்கு ஆறே முக்கால் அளவில் முகில் கிழிந்தது.

இடப்பக்கம் வெள்ளி, வலப்பக்கம் தண்ணீரை ஒட்டிச் சுவாதி, இரண்டுக்கும் நடுவில் அது. தேடவே தேவையில்லை. நகரத்து வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடுவதால் பண்ணை இதற்கு வாய்ப்பான இடம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் பத்துப் பாகை. வால் முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவு. வளர்பிறை இல்லாவிட்டால் இன்னும் நீண்டிருக்கும். சுவாதி தாழ்வில் நின்றதற்குக் கழித்துப் பார்த்ததில் பருமன் 0.8.

பூமி இன்று வால்வெள்ளியின் ஒழுக்குத் தளத்தை, அதாவது அதன் பாதை கிடக்கும் தளத்தைக் கடக்கிறது. தளத்தில் பரந்து கிடக்கும் பழைய தூசை விளிம்புப் பக்கமாகப் பார்க்கிறோம். அதனால் சூரியனை நோக்கியும் ஊசிபோல் ஒரு வால் தெரியும். வெளியூர்ப் படங்களில் அழகாக விழுந்திருக்கிறது, எங்கள் படத்தில் இல்லை. காற்று வாங்க வந்த சனம் அரைவாசி எங்களைத்தான் பார்த்தது. ஒரு அம்மா "தம்பி, அது பிளேன் புகையில்லையோ?" என்று கேட்டா. பத்து நிமிடம் நின்று பாருங்கோ, நகராது என்றேன். நின்று பார்த்தா.

ஒக்டோபர் 17, வியாழன்

போயா விடுமுறை, முழுநிலவு. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், வானம் பார்க்க வழியில்லை. மருமகனுக்கு அடுத்த மாதம் உயர்தரப் பரீட்சை, கணிதப் பிரிவு. புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டான்: "மாமா, 80,000 வருசத்துக்குப் பிறகு திரும்பி வருமாம், உண்மையோ?"

எல்லாப் பத்திரிகையிலும் இதே எண்தான். அவனிடமே திருப்பிக் கேட்டேன், பாதையின் வடிவத்தைச் சொல்லும் எண்ணான மையவகற்சித்திறன் 1 என்றால் என்ன வளையி? "பரவளைவு." ஒன்றுக்குக் கீழே நீள்வளையம், திரும்பி வரும். மேலே அதிபரவளைவு, வராது. இதற்குச் சூரியனுக்குக் கிட்டக் கணித்த பெறுமானம் 1ஐ ஒரு மயிரிழை தாண்டி நிற்கிறது, 1.0001 அளவில். அந்த எல்லையில் நிற்கும் ஒன்றுக்குக் கடைசித் தசமம் கொஞ்சம் அசைந்தாலே ஆயிரம் இலட்சமாகும், இலட்சம் ஒருபோதும் இல்லை என்றாகும். நாளை எங்கே நிற்கும் என்பதை அச்சொட்டாகச் சொல்லும் அதே கணக்கு இந்தக் கேள்விக்கு மட்டும் வழுக்குகிறது. அவன் பாட்டுக்கு அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டான். பரீட்சைக்கு வராது என்று சொல்லிவைத்தேன்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

நல்ல வானம். நிலவு எட்டு மணிக்குப் பிறகுதான், ஏழு மணிக்கே இருட்டு. வால்வெள்ளி பாம்பாட்டி மண்டலத்தில் ஏறிவிட்டது. இன்றைக்குத்தான் ஒழுங்கான மதிப்பீடு.

வால்வெள்ளி புள்ளியல்ல, பஞ்சு. அதை நட்சத்திரத்தோடு அப்படியே ஒப்பிட முடியாது. முதலில் தலையைக் கூர்மையாகக் குவித்து அதன் அகலத்தையும் சராசரி வெளிச்சத்தையும் மனதில் இருத்த வேண்டும். பிறகு குவி வளையத்தைத் திருப்பி நட்சத்திரத்தைக் கலங்கப் பண்ணி, அதே அகலத்துக்கு ஊதவைத்து, எது வெளிச்சம் என்று பார்க்க வேண்டும். பாம்பாட்டியின் பீட்டா நட்சத்திரம் 2.8, கப்பா 3.2. இரண்டுக்கும் நடு. 3.0 என்று எழுதினேன். மருமகன் என் எண்ணைக் கேட்காமலே தனியாகப் பார்த்து 3.1 சொன்னான்.

இடத்தைக் குறிப்பது எனக்குப் பழகிய வேலை. நில அளவைப் படம் வரைந்த கை. இரண்டு சோடி நட்சத்திரங்களிலிருந்து கோடு நீட்டி, வெட்டும் புள்ளியைப் படத்தில் பென்சிலால் வைக்கிறேன். முன்கூட்டிக் கணித்த அட்டவணை சொன்ன இடத்துக்கும் என் புள்ளிக்கும் இடையில் பென்சில் முனையின் தடிப்புத்தான்.

ஒக்டோபர் 25, வெள்ளி

பருமன் 4.2. வால் பைனொக்குலரில் மட்டும். வழக்கமான வாய்பாடு, சூரியனிலிருந்து தூரம் இரட்டித்தால் சொந்த வெளிச்சம் பதினாறில் ஒன்றாகும் என்கிறது. பூமியும் விலகுவது அதற்கு மேலதிகம். பரவாயில்லை, இதுவரை வாய்பாட்டை ஒட்டித்தான் மங்குகிறது.

ஒக்டோபர் 29, செவ்வாய்

இன்னொரு வால்வெள்ளியையும் பார்த்துக்கொண்டிருந்தோம். சி/2024 எஸ்1, செப்டெம்பர் 27இல் ஹவாயிலிருந்து அட்லஸ் தொலைநோக்கித் திட்டம் கண்டுபிடித்தது. சூரியனை உரசிப் போகும் குரொய்ட்ஸ் கூட்டத்தைச் சேர்ந்தது. 1965இன் இக்கேயா–செக்கியும் இதே கூட்டம். அதை அம்மா விடியப்புறம் முற்றத்தில் நின்று கண்டதாகச் சொல்லுவா. "தும்புத்தடி மாதிரி" என்பா.

இதுவும் அப்படி வரும் என்று சிலர் எழுதினார்கள். நேற்றுப் பின்னேரம் எங்கள் நேரம் ஐந்து மணியளவில் சூரியனை நெருங்க வேண்டும். சோஹோ படங்களில் குறித்த பாதையில் குறித்த நேரத்துக்கு உள்ளே வந்தது, வரவர மங்கி, சூரியனை மறைக்கும் தட்டுக்குப் பின்னால் போனது. மற்றப் பக்கத்தால் எதுவும் வெளியே வரவில்லை. அது வெளிவர வேண்டிய நிமிடத்துக்கு அட்டவணையில் எண் இருக்கிறது. அதை அழிக்காமல் பக்கத்தில் "இல்லை" என்று எழுதினேன்.

பழைய வால்வெள்ளி 5.2. நாளை மறுநாள் தீபாவளி. வெடிப்புகையில் நகருக்குள் ஒன்றும் தெரியாது. மழை விட்டால் வெள்ளிக்கிழமை காரைநகர்ப் பக்கம் போகலாம் என்று இருக்கிறோம். மருமகனை அக்கா விடுவாவோ தெரியாது.