கோம்பைக்குப் போனேன், நாயைப் பார்க்க

குமுளியில் இரண்டு நாள் தங்கியதிலேயே கையிருப்பு கரைந்திருந்த நிலையில், உத்தமபாளையத்து ஆட்டோக்காரர் ஒருவர், பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் கோம்பைக்குக் கூசாமல் 400 ரூபாய் கேட்டார். மறுத்துவிட்டு, முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று, ஜன்னல் கண்ணாடி நகராத ஒரு டவுன் பஸ்ஸில் வியர்த்து வழிந்தபடி போய்ச் சேர்ந்தேன்.

2026 குடியரசு தின அணிவகுப்பில் ராணுவத்தின் கால்நடைப் படைப்பிரிவு முதோல், ராம்பூர் ஆகியவற்றோடு நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்களையும் நடத்திச் சென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்தே, கோம்பை நாய்க்குப் பெயர் தந்த இந்த ஊர் மனத்தில் இருந்தது. 2005இல் நாய் இனங்களுக்கு வெளியிட்ட நான்கு அஞ்சல் தலைகளில் ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, கோம்பைக்குக் கிடைக்கவில்லை என்ற மனக்குறை எனக்கு வெகுநாளாக உண்டு. அது அன்றுதான் சற்றே தணிந்தது.

மலையடிவாரத் தோட்டம் ஒன்றில், செவலை நிறமும் கருத்த வாயுமாகக் கட்டிக் கிடந்த நாயின் அருகே நான் போனதும், "கையை நீட்டாதீங்க தம்பி, சோறு போட்டவனைத் தவிர யாரையும் அண்ட விடாது" என்றார் பெரியவர். டெல்லியில் இதன் இனம் நடந்ததைச் சொன்னபோது அவருக்குப் பெருமைதான்; ஆனால், "நடக்க வச்சாங்க சரி, எல்லைக்கு அனுப்புவாங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாக ஜூம் என்ற ராணுவ நாயின் கதையைச் சொன்னேன். 2022 அக்டோபரில் அனந்த்நாக்கில் தீவிரவாதிகள் பதுங்கிய வீட்டுக்குள் அனுப்பப்பட்ட அந்த பெல்ஜியன் மாலினோய் இன நாய், இரண்டு குண்டுகள் பாய்ந்த பிறகும் பிடியை விடாமல் போராடி, 13ஆம் தேதி ஸ்ரீநகர் ராணுவக் கால்நடை மருத்துவமனையில் உயிர்விட்டது. அதே ஆண்டு ஜூலையில் பாரமுல்லாவில் ஆக்ஸெல் என்ற இன்னொரு ராணுவ நாய் இறந்தது. 2023 செப்டம்பரில் ரஜௌரியில், தன்னைப் பழக்கிய வீரரைக் காக்கப் போய்க் குண்டுக்கு இரையான கெண்ட், ஆறு வயதுப் பெண் லாப்ரடார். பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வயசு ஆறா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தன் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஊர் முழுக்கச் சுற்றியும் அந்த அணிவகுப்பைப் பற்றிய ஒரு பலகைகூட என் கண்ணில் படாதது எரிச்சலாகவே இருந்தது. கிளம்பும்போது பெரியவர் கட்டிக் கொடுத்த பன்னீர் திராட்சைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். திரும்பும் பஸ்ஸில் பாதியைத் தின்றுவிட்டேன்.