பதினாலாம் நம்பர் முள்

லீவில் பாம்பனுக்கு வந்த மூன்றாம் நாள், மாமாவிடம் என் ஈப்பெட்டியைத் திறந்து காட்டினேன். ஈ என்றால், மீனை ஏமாற்ற இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டிய தூண்டில் முள். மாமா நாற்பது வருஷம் நாட்டுப்படகில் தென்கடலுக்குப் போனவர். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“என்ன மாப்ளே, கொசுவுக்கு முள்ளு கட்டி வச்சிருக்க?”

“ட்ரவுட் மீனுக்கு மாமா. பதினாலாம் நம்பர்.”

நம்பர் கூடினால் முள் சிறுக்கும் என்ற கணக்கு பாம்பனுக்கும் நான் வேலை பார்க்கும் ஊருக்கும் பொது. ஆனால் மாமாவின் கை ஏழுக்கும் எட்டுக்கும் பழகியது. பதினாலு, சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும்.

நான் நியூசிலாந்தின் தெற்குத் தீவில், கோர் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறேன். போய் இறங்கியது ஜூலை, அங்கே நடுக்குளிர்காலம். அடுத்த மாதமே கன்று ஈனும் சமயம். அதிகாலை நாலரைக்குப் பால் கறவை, அப்புறம் கன்றுகள், மறுபடி கறவை. அவர்கள் பேசும் இங்கிலீஷும் பிடிபடவில்லை. ‘ஃபிஷ்’ என்பதை ‘ஃபஷ்’ என்பார்கள். பண்ணையில் இருந்த ஒரு கிழவர், நான் மீனவன் மகன் என்று தெரிந்ததும், வசந்தத்தில் என்னை மட்டௌரா ஆற்றுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே இரண்டு விஷயம் எனக்குத் தலை சுற்றியது. ட்ரவுட் பிடிக்க லைசென்ஸ் வேண்டும், அதுகூடச் சரி. பிடித்ததை விற்கக் கூடாது என்பது சட்டம். ஒரு மீனைக்கூட. கிழவர் பிடித்ததையெல்லாம் திரும்ப ஆற்றிலேயே விட்டார். இதை அம்மாவிடம் போனில் சொன்னபோது, “அப்ப எதுக்குடா போறீங்க?” என்றாள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

ஈ கட்டுவது குளிர்கால ராத்திரி வேலை. ஹீட்டருக்குப் பக்கத்தில் முள்ளைக் கவ்விப் பிடிக்க ஒரு சின்ன வைஸ், நூல், சேவலின் கழுத்து இறகு. எனக்குப் பிடித்தது பாராசூட் ஆடம்ஸ் என்ற ஈ. மூலமான ஆடம்ஸ் ஈ 1922-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பிறந்தது. அதில் இறகை முள்ளின் தண்டை, அதாவது நேரான பாகத்தை, சுற்றிக் கட்டுவார்கள். பாராசூட்டில் தண்டின் மேல் வெள்ளை மயிரால் ஒரு சின்னக் கம்பம் நட்டு, இறகை அதைச் சுற்றிப் படுக்கையாகக் கட்ட வேண்டும். குடை விரித்த மாதிரி நீரில் உட்காரும். ஈயின் உடம்பு நீர்ப்பரப்போடு ஒட்டிக் கிடக்கும். அதுதான் மீனை ஏமாற்றுகிறது. வெள்ளைக் கம்பம் தூரத்திலிருந்தும் நம் கண்ணுக்குத் தெரியும்.

முள் வாங்கும்போதுதான் பாம்பன் புத்தி குறுக்கே வந்தது. நம் ஊரில் முள்ளென்றால் கனமாக இருக்க வேண்டும். மாமா புது முள்ளைப் படகின் பலகை ஓரத்தில் மாட்டி இழுத்துப் பார்ப்பார். கொஞ்சம் விரிந்தாலும் கடலில் வீசிவிடுவார். பாரில், அதாவது கடலடிப் பாறையில், கிடக்கும் விளமீன் இழுக்கிற இழுப்புக்கு அது வேண்டும். அந்த ஞாபகத்தில் தடித்த கம்பி முள்ளாக ஒரு பொட்டலம் வாங்கி, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பத்து ஈ கட்டினேன். பத்தும் முங்கின. சாதா ஈயில் இறகு நுனிகள் கீழேயும் ஊன்றி முள்ளைத் தாங்கும். பாராசூட்டில் முள்ளுக்கு அடியில் ஒன்றுமே இல்லை; வளைவு நீருக்குள் தொங்கும். கம்பி கனத்தால் குடையோடு சேர்ந்து உள்ளே போய்விடும்.

மெல்லிய கம்பிக்கு அட்டையில் ‘1எக்ஸ் ஃபைன்’ என்று போட்டிருக்கும். ஒரு அளவு சின்ன முள்ளுக்கு உரிய கம்பியில் செய்தது என்று அர்த்தம். தண்டு சாதாரண நீளம் போதும். ‘2எக்ஸ் லாங்’ வாங்கினால் ஈக்கு வால்பக்கம் பாரம். அதற்காகக் குட்டைத் தண்டும் ஆகாது. கம்பத்துக்கும் அதன் முன்னால் முடிச்சுக்கும் இடம் வேண்டும். முள்ளின் வாய், அதாவது முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, அகலமாக இருந்தால் நல்லது. பாராசூட்டில் இறகு வாயை அடைக்காது; ஆனால் என்னை மாதிரி உடம்பைக் கொழுக்கக் கட்டுகிறவர்கள் அந்த லாபத்தையும் கெடுத்துவிடுவோம். இருபதாம் நம்பரைவிடச் சின்ன முள்ளுக்குப் போனால், நூல் கோக்கும் காது கீழே வளையாமல் நேராக இருக்கும் முள்ளையே எடுப்பேன். அத்தனை சின்ன வாயில் வளைந்த காதும் வந்து நின்றால் மீன் எங்கே கொத்தும்?

முனைக்குப் பக்கத்தில் பின்பக்கமாக நீட்டி நிற்கும் எதிர்முள்ளை இடுக்கியால் அமுக்கிவிட்டுத்தான் ஈ கட்டத் தொடங்க வேண்டும். இதை நான் கற்றது மலிவாக வந்த ஒரு பொட்டலத்தால். கட்டி முடித்து அமுக்கினேன். பத்தில் மூன்று முனையோடு ஒடிந்தன. முதலிலேயே அமுக்கியிருந்தால் முள்தான் போயிருக்கும், ராத்திரி போயிருக்காது.

மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தார். வழுக்கவில்லை, குத்தி நின்றது.

“கூருக்குக் குறையில்ல. எதிர்முள்ளு எங்க?”

“அமுக்கிட்டேன் மாமா. மீனை விடும்போது வாய் கிழியக் கூடாதுல்ல.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. குந்துகால் பக்கம் கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டிருந்தது.

“அமுக்காத முள்ளு இருக்கா?”

“இருக்கு. ஆனா இது ஆத்து முள்ளு மாமா, உப்புத் தண்ணியில நாளைக்கே துருப்பிடிக்கும்.”

“துருப்பிடிக்கட்டும். பாலத்துக் கல்லுல சின்னப் பொடி மீனு நிறைய மேயுது, நம்ம முள்ளு அதுக வாய்க்குப் பெருசு. அதுல ரெண்டு வச்சிட்டுப் போ. இறகெல்லாம் வேணாம், சும்மா முள்ளு.”