மாடிப்படி ட்யூப்லைட்டும் அசோட்டாவும்

ஐப்பசியில் மழை விட்ட ராத்திரிகளில் எங்கள் ஆதம்பாக்கம் குடியிருப்பின் மாடிப்படி ட்யூப்லைட்டுக்கு அடியில் அந்துப்பூச்சிகள் வந்து உட்காரும். அதில் நான் தேடுவது அசோட்டா காரிகேயை. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் பழுப்பு. கிட்டே போனால் சிறகின் நரம்புகள் வெளிறித் தெரியும், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி, தோள் பக்கம் ஆரஞ்சு, அதன்மேல் கறுப்புப் பொட்டுகள். முகத்துக்கு முன்னால் மேல்நோக்கி வளைந்த இரண்டு மெல்லிய உறுப்புகள். கை நிழல் பட்டுப் பறக்க எழுந்தால் பின்சிறகு தெரியும் பாருங்கள், நல்ல மஞ்சளில் கறுப்புத் திட்டுகள்!

வெப்பமண்டலப் புலி அந்துப்பூச்சி என்று இதைச் சொல்கிறார்கள். அசல் புலி அந்துகள் ஆர்க்டியினே துணைக்குடும்பம், இது அகனைனே. இரண்டும் எரெபிடே குடும்பத்துப் பங்காளிகள். 1775-ல் இதற்குப் பெயர் வைத்தவர் டென்மார்க்கின் ஃபப்ரீசியஸ். அவருக்கு நம் தரங்கம்பாடியிலிருந்து கோனிக் என்ற மருத்துவர் பூச்சிகள் அனுப்பியிருக்கிறார். அதைப் படித்த நாளிலிருந்து இந்தப் பூச்சி எனக்கு இன்னும் நெருக்கம்.

பங்காளிகளைப் பகலிலேயே பார்க்கலாம். கறுப்புச் சிறகில் கண்ணாடி ஜன்னல்கள் வைத்த அமாட்டாவைக் குளவி என்று எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள். கொட்டவே கொட்டாது. காலி மனைகளில் கிலுகிலுப்பைச் செடி இருந்தால் காய்களில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இன்னொரு பங்காளியான ஆர்ஜினா அந்துப்பூச்சியின் புழு துளைத்து உள்ளே விதையைத் தின்றுகொண்டிருக்கலாம். செடியின் நஞ்சை அது தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். வளர்ந்த பூச்சியின் பளிச்சென்ற ஆரஞ்சு, பறவைகளுக்கு 'என்னைத் தொடாதே' என்கிற எச்சரிக்கை.

அசோட்டாவின் புழுவுக்கு வேண்டியது அத்தி, ஆல் இனத்து மரங்கள். கிள்ளினால் பால் வடியும் அந்த இலைகளைத்தான் தின்னும். அதன் உறவான அசோட்டா ஃபைகஸும் அப்படியே. எங்கள் சுற்றுச்சுவரோரம் ஓர் அத்தி நிற்கிறது. பழம் கார் மேல் விழுகிறது, புழு வருகிறது, வெட்டிவிடலாம் என்று குடியிருப்பில் பேச்சு. எனக்கு மனசே ஆறவில்லை. பழம் தின்ன வரும் குயிலும் வௌவாலும் எங்கே போகும்? கார் நிறுத்தும் பக்கம் நீண்டிருக்கும் கிளைகளை மட்டும் கழித்தால் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூடவே அசோட்டாவின் படம் ஒன்றையும் பிரிண்ட் போட்டு இணைத்திருக்கிறேன், சிறகு விரித்தது.