எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க ஓர் ஊசி

2023 தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு நாள் காலை கத்தரிக்கோலின் வளையத்துக்குள் என் கட்டைவிரல் நுழையவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக அதே கத்தரிக்கோல், அதே விரல். சிங்கப்பூரில், தேக்கா நிலையத்தின் மாடியில் ரவிக்கை தைப்பவள் நான். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் எங்களுக்கு இரவு பகல் தெரியாது. அந்த நேரத்தில் கை வலிக்கிறது என்று சொன்னால் பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். யாருக்குத்தான் வலிக்கவில்லை?

ஆனால் இந்த வலிக்கென்று ஒரு நேரம் இருந்தது. வேலை செய்து வரும் வலி சாயங்காலம் வரும், படுத்தால் குறையும். இதுவோ படுத்து எழுந்தால் வந்தது. விடியற்காலையில் விரல்கள் கஞ்சி போட்ட துணிபோல் விறைத்துக் கிடக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துப் பிடிப்பேன். இட்லி மாவுச் சட்டியைத் தூக்க மகனை எழுப்புவேன். ஈசூனில் ரயிலேறிக் கடைக்கு வந்து, பத்தரை மணிக்கு மேல்தான் விரல்கள் மெல்ல இளகும். வேலை செய்யச் செய்யச் சரியாகிறதே, அப்படியானால் இது வெறும் சோம்பல் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அந்தத் தீர்ப்பில் நான்கு மாதம் போயிற்று. அவ்வளவு நாளும் வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு மருந்தகத்தில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினேன். தையல்காரி என்று சொன்னதுமே அங்கே என் நோய் முடிவாகிவிட்டது. வேலையைக் குறைக்கச் சொன்னார்கள். கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. அந்த மாத்திரை வலியையும் வீக்கத்தையும் கொஞ்சம் அடக்கும், மூட்டுக்குள் எலும்பு அரிக்கப்படுவதை நிறுத்தாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

2024 பிப்ரவரியில் அரசாங்கப் பாலிகிளினிக்கான பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். அதுவும் கைக்காக இல்லை, ஓயாத களைப்புக்காக. மகள் வயதிருக்கும் ஒரு மருத்துவர். பேசிக்கொண்டே என் வலது கையைக் கைகுலுக்குவதுபோல் பற்றி, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டு வரிசையைப் பக்கவாட்டில் ஓர் அழுத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் பயந்திருப்பார்கள். இடது கையிலும் அதேதான். இரண்டு கைகளிலும் ஒரே மூட்டுகள், ஒரே மாதிரி வீக்கம். நகத்துக்குப் பக்கத்து மூட்டுகளில் மட்டும் ஒன்றுமில்லை. தேய்மானமாக இருந்தால் பெரும்பாலும் அந்த நுனி மூட்டுகளைத் தாக்கும் என்றார். காலை விறைப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று கேட்டார். நிமிடமா? மூன்று மணி நேரம் என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

இரத்தப் பரிசோதனையில் இஎஸ்ஆர் 68, சிஆர்பி 41. முதலாவது, இரத்தத்தை ஒரு மெல்லிய குழாயில் நிறுத்திவைத்து, சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பது. அரிசி களைந்த நீர் தெளிவதைப் பார்ப்பதுபோல அவ்வளவு எளிய சோதனை. அழற்சி இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும். இரண்டாவது, அழற்சிச் செய்தி எட்டியதும் கல்லீரல் இரத்தத்தில் இறக்கிவிடும் புரதம். இரண்டும் எங்கோ தீ எரிகிறது என்று சொல்லும். எங்கே, எதனால் என்று சொல்லாது.

மூன்றாவதாக ஓர் எண்ணும் இருந்தது. ஹீமோகுளோபின் 9.8. இது எனக்குப் புதிதில்லை. அதற்காகத்தான் ஓராண்டாக முருங்கைக்கீரை, பேரீச்சை, இரும்புச்சத்து மாத்திரை. ஏறவே இல்லை. மாமியார் நான் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்றே முடிவு செய்திருந்தார். உண்மையில் நடந்தது வேறு. அழற்சி நீடித்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். குடலிலிருந்து இரும்பு இரத்தத்துக்குள் வரும் வாசலை அது சாத்திவிடும். சேமிப்பில் இருப்பதையும் பூட்டி வைத்துவிடும். கிருமிகள் பெருகவும் இரும்பு வேண்டும் என்பதால், அவற்றைப் பட்டினி போட உடம்பு கற்றுவைத்திருக்கும் தந்திரமாம். என் அழற்சிக்குக் கிருமி காரணமே இல்லை; பட்டினி கிடந்தது நான்.

பலதுறை மருந்தகத்தின் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால்தான் நிபுணரிடம் மானியக் கட்டணம். என் தோழி ஒருத்தி அவசரப்பட்டு நேராகத் தனியார் நிபுணரிடம் போய், பிறகு கட்டணச் சீட்டைக் காட்டி அழுதாள். நான் ஒன்பது வாரம் காத்திருந்தேன். அதற்குள் மணிக்கட்டும் வீங்கிவிட்டது. எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள்.

நிபுணர் ஸ்கேன் திரையில் என் விரல் மூட்டைக் காட்டினார். மூட்டின் உள்ளே ஒரு சவ்வு இருக்கிறது. நல்ல நிலையில் அதன் உள்விளிம்பு ஓரிரு அணுக்கள் அளவே தடிமன். பட்டு ரவிக்கைக்கு வைக்கும் மெல்லிய லைனிங் துணிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. என் மூட்டில் அது பஞ்சு அடைத்த மெத்தைபோல் தடித்து, புது இரத்தக் குழாய்கள் ஓடி, எலும்பின் ஓரத்தை அரிக்கத் தொடங்கியிருந்தது. அங்கே கூட்டம் கூடியிருந்தவை என்னுடைய வெள்ளணுக்கள். முடக்குவாதம் என்றார். அதைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) என் இரத்தத்தில் மிக அதிகமாக இருந்தது. அது முதல் வலிக்குப் பல ஆண்டுகள் முன்பே சிலரிடம் தோன்றிவிடுமாம். பிறகு அவர் கேட்ட கேள்வி என்னைக் குழப்பியது: ஈறுகளில் இரத்தம் வருமா? வரும், பத்தாண்டுகளாக. புகைபிடிப்பவர்களின் நுரையீரலிலும் நாள்பட்ட ஈறு நோயிலும், சொந்தப் புரதங்கள் உருமாறி, எதிர்ப்பு மண்டலம் அவற்றை அந்நியர் என்று தவறாகப் படித்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு என்று விளக்கினார். மூட்டு மருத்துவரைப் பார்க்கப் போனவள் பல் மருத்துவரிடம் பதிவு செய்துகொண்டு திரும்பினேன்.

சிகிச்சை என்றதும் என் தலையில் ஏறவே ஏறாத ஒன்று இருந்தது. கொவிட் காலத்திலிருந்து என் கைப்பேசிக்கு வராத நாளில்லை: எதிர்ப்புச் சக்தியை வளருங்கள், கூட்டுங்கள், பெருக்குங்கள். மஞ்சள் பால், கபசுரக் குடிநீர், நெல்லிக்காய். எதிர்ப்புச் சக்தி என்பது மத்திய சேமநிதிக் கணக்குபோல, கூடக்கூட நல்லது என்றே நம்பியிருந்தேன். இங்கே ஒருவர் அதைக் குறைக்க மருந்து எழுதுகிறார். என் தங்கை பட்டுக்கோட்டையிலிருந்து தொலைபேசியில் கத்தினாள். அவளுக்குச் சொல்ல எனக்கே ஆறு மாதம் பிடித்தது: எனக்குச் சக்தி குறையவில்லை, நிறுத்தத் தெரியவில்லை. ஊசி விரலில் குத்தினால் சிவந்து, சூடேறி, வீங்கி, வலித்து, மூன்று நாளில் அடங்குகிறதே, அந்த அடங்குதலும் அணுக்கள் செய்யும் வேலைதான். என்னிடம் அந்த இரண்டாம் பாதி கெட்டுப்போயிருந்தது.

முதல் மருந்து மெத்தோட்ரெக்சேட். வாரத்தில் ஒரே ஒரு நாள். இதை மட்டும் உரக்கச் சொல்கிறேன்: நாள்தோறும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. நான் ஞாயிற்றுக்கிழமை இரவைத் தேர்ந்தெடுத்தேன், திங்கள் கடைக்கு விடுமுறை என்பதால். நான்கு மாத்திரையில் தொடங்கி எட்டு வரை போனேன். திங்கள் முழுவதும் வாயில் பழைய காசின் சுவை. மற்ற நாள்களில் ஃபோலிக் அமில மாத்திரை. அங் மோ கியோ நூலகத்தில் படித்தபோதுதான் இந்த ஜோடியின் கதை தெரிந்தது. முதல் மருந்து ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கப் பிறந்தது. இரண்டாவது அதன் பக்கவிளைவைத் தணிக்க வருகிறது. இரண்டின் பின்னாலும் ஒரே ஆள்: 1895இல் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போய் லெடர்லி ஆய்வகத்தில் ஆய்வுக்குத் தலைமை ஏற்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். இரத்தப் புற்றுநோய்க்காக உருவான மருந்து குடும்பம் அது. முடக்குவாதத்துக்குத் தருவது மிகச் சிறிய அளவு.

ஏழு மாதத்தில் வீக்கம் பாதி குறைந்தது. சிஆர்பி 19. அடுத்த படி, டிஎன்எஃப் என்ற அழற்சித் தூதுப் புரதத்தைப் பிடித்து முடக்கும் அடாலிமுமாப் ஊசி. ஆனால் அதற்கு முன் ஒரு காசநோய்ப் பரிசோதனை. எனக்கு ஏன் காசநோய் என்று சலித்துக்கொண்டே கை நீட்டினேன். பாசிட்டிவ்.

என் தாத்தா திண்ணையில் இருமிக்கொண்டே கிடந்த ஒரு கோடை நினைவுக்கு வந்தது. அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. எனக்கு அப்போது ஏழு வயது. அந்தக் கிருமி நாற்பத்தைந்து ஆண்டுகளாக என் மார்புக்குள் உறங்கியிருக்கிறது. கொல்ல முடியாத கிருமியை மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்கள் சுற்றி வளைத்து, தங்கள் உடம்பையே சுவர்போல் அடுக்கி, உள்ளேயே சிறைவைக்கின்றன. அந்தச் சுவரின் சுண்ணாம்புச் சாந்து எது தெரியுமா? அதே டிஎன்எஃப். மூட்டில் என்னை முடக்கிய பொருள்தான் மார்பில் என்னைக் காத்துக்கொண்டிருந்தது. ஊசி போட்டால் சுவர் இடியலாம். ஆகவே முதலில் சிறைக்குள்ளேயே கைதியைத் தீர்த்துக்கட்ட வேண்டும்.

நான்கு மாதம் ரிஃபாம்பிசின். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று தாதி சொல்லியிருந்தார். கண்ணீரும் வியர்வையும்கூட நிறம் மாறலாம் என்றதுதான் என்னை நடுங்க வைத்தது. முகூர்த்தப் புடவையின் சந்தன நிற ரவிக்கையில் என் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால்? நான்கு மாதமும் நெற்றியில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தைத்தேன். ஏதோ புது நாகரிகம் என்று வாடிக்கையாளர்கள் நினைத்திருப்பார்கள்.

முதல் மாதம் தாண்டியதும், சளிக்காய்ச்சல், நிமோனியாத் தடுப்பூசிகளையும் முடித்துக்கொண்டு, 2025 ஜனவரியில் ஊசி தொடங்கியது. பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: முடக்குவாதம், மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவைப் பயன்படுத்தக்கூடிய நாள்பட்ட நோய்களில் ஒன்று, ஆனால் 2025இல் ஆண்டு வரம்பு 500 வெள்ளி, சிக்கலான நிலையில் இருந்தோருக்கு 700. இந்த ஊசிக்கு அது போதவில்லை. மூல மருந்துக்கு நிகரான மலிவு வகைதான் கொடுக்கிறார்கள். கட்டண உதவிக்கு மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். நான் கூச்சப்பட்டு இரண்டு மாதம் முழுக் கட்டணம் கட்டினேன்.

ஜொகூரிலிருந்து தினமும் வந்துபோகும் அந்தத் தாதி, "அக்கா, தொடையிலா வயிற்றிலா?" என்று கேட்டபோது, ஊசியோடே பிழைக்கும் என் கை நடுங்கியது. பேனா போன்ற கருவி. அழுத்தினால் ஒரு சொடுக்கு, பதினைந்து எண்ணினால் இன்னொரு சொடுக்கு. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே. குளிர்பதனப் பெட்டியில் கறிவேப்பிலை டப்பாவுக்கும் மாவுக்கும் நடுவில் அதற்கு ஓர் இடம். காய்ச்சலோ தொற்றோ இருந்தால் போடாமல் முதலில் மருத்துவமனைக்குத் தொலைபேசி. அந்த விதியை மீறுவதில்லை.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரு காலை, தரை துடைக்கும் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டுத்தான் கவனித்தேன்: பிழிந்திருக்கிறேன். ஜூலையில் சிஆர்பி 4. ஹீமோகுளோபின் 11.9, ஒரே ஓர் இரும்புச்சத்து மாத்திரைகூட இல்லாமல். அந்தத் தாளை மாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அற்பத்தனம்தான்.

வலியே இல்லாதபோது கொழுப்பு மாத்திரை எதற்கு என்று நிபுணரோடு சண்டை போட்டேன். முடக்குவாதக்காரர்களுக்கு மாரடைப்பு அபாயம் கூடுதல். இதயக் குழாயின் சுவரில் கொழுப்பை விழுங்கிப் படிந்துபோவதும் இதே மேக்ரோஃபேஜ்கள்தான் என்றார். 2017இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், கொழுப்பைத் தொடாமல் அழற்சித் தூது ஒன்றை மட்டும் தடுத்தபோதே மாரடைப்புகள் குறைந்தனவாம். ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின. அந்த இரண்டாவது வாக்கியத்தையும் மறைக்காமல் சொன்னதால் மாத்திரையை வாங்கிக்கொண்டேன்.

2025 அக்டோபர் 6, திங்கள். விடுமுறை நாளிலும் தீபாவளி ரவிக்கைகள். தைத்துக்கொண்டே செய்தி கேட்டபோது மருத்துவ நோபல் பரிசை அறிவித்தார்கள்: மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி. மற்ற அணுக்கள் சொந்த உடம்பைத் தாக்காதபடி அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி அணுக்களைப் பற்றிய கண்டுபிடிப்பு. மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கேட்டேன். தங்கைக்கு அந்தச் செய்தியை அனுப்பினேன். பதிலுக்கு நிலவேம்பு பற்றி ஒரு காணொளி வந்தது.

ஊசியின் இரண்டு வார இடைவெளியை மூன்று வாரமாக்கிப் பார்க்கலாமா என்று நிபுணர் கேட்டிருக்கிறார். தீபாவளி முடியட்டும் என்றேன். முடிந்த பிறகு பொங்கல் முடியட்டும் என்றேன். கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரல் தாராளமாகப் போய்வருகிறது. வலது சுட்டுவிரலின் நடுமூட்டு மட்டும் முழுதாக மடங்குவதில்லை. எக்ஸ்ரேயில் அங்கே எலும்பின் ஓரத்தில் எலி கடித்ததுபோல் ஒரு சின்னப் பள்ளம். அது அந்த நான்கு மாதக் கணக்கு. கொக்கி தைக்கும் வேலையைப் பக்கத்துக் கடைப் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறேன். ஒரு ரவிக்கைக்கு ஒன்றரை வெள்ளி.