"நான் யாருன்னு தெரியுதா?" என்று அப்பாவிடம் கேட்காதீர்கள்

மறதி நோய் வந்திருக்கும் அப்பாவைப் பார்க்க வருகிறவர்களிடம் வாசலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவோம்: "நான் யாருன்னு தெரியுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அன்பால்தான் கேட்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் அப்பாவின் முகம் போகிற போக்கைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். கண் அலைபாயும். உதடு ஏதோ ஒரு பெயரைத் தேடும். பிறகு ஒரு சிரிப்பு வரும், சமாளிக்கிற சிரிப்பு. வந்தவர் விடமாட்டார், "நல்லா யோசிச்சுப் பாருங்க" என்பார். அவர் கிளம்பிப் போன பிறகும் அப்பா ஒரு நிலையில் இருக்க மாட்டார். எதற்காக இந்தத் தவிப்பு என்று அவருக்கே சொல்லத் தெரியாது.

என் அத்தை இதை அழகாகச் செய்வார். நேர் எதிரே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அண்ணே, நான் உங்க தங்கச்சி வந்திருக்கேன்" என்பார். அவ்வளவுதான். ஆளைக் கண்டுபிடிக்கிற வேலை அப்பாவுக்கு மிச்சம். "வாம்மா, எப்ப வந்தே?" என்று அவர் பேச ஆரம்பித்துவிடுவார். தங்கை என்பது பிடிபடாத நாளும் உண்டு. தனக்கு வேண்டியவர் யாரோ வந்திருக்கிறார் என்பது அன்றைக்கும் பிடிபடும்.

அப்பாவுக்கு வந்திருப்பது அல்சைமர், நினைவும் சிந்தனையும் குறைந்துகொண்டே போகிற டிமென்ஷியாவின் ஒரு வகை. டிமென்ஷியா என்பது ஒரே நோயின் பெயர் இல்லை, பல நோய்களால் வருகிற நிலை. மூளையின் ரத்தக் குழாய் பாதிப்பால் வருவது உண்டு, லூயி பாடி என்கிற வகை உண்டு, மறதிக்கு முன்பே குணத்தை மாற்றிவிடுகிற வகையும் உண்டு. ஆனால் நூற்றில் 60 முதல் 70 பேருக்கு அல்சைமர்தான் காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புதிய நினைவுகளைப் பதிந்துவைக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இதில் ஆரம்பத்திலேயே அடிபட்டுவிடுகிறது. அதனால்தான் காலையில் நடந்தது மதியம் இருப்பதில்லை, வாலிபத்தில் நடந்தது மட்டும் நேற்று நடந்ததுபோல வருகிறது. நியூரோ டாக்டர் இதை விளக்கிவிட்டு இன்னொன்றும் சொன்னார்: "நடந்தது மறந்துடும். அது கொடுத்த சந்தோஷமோ வருத்தமோ அவ்வளவு சீக்கிரம் போகாது." அதற்குப் பிறகு நாங்கள் செய்த எல்லாமே இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு செய்ததுதான்.

பிறகு தேடிப் படித்தபோது அவர் சொன்னதற்கு ஆதாரமும் கிடைத்தது. அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான படக் காட்சிகளையும் சந்தோஷமான காட்சிகளையும் காட்டினார்கள். சில நிமிடங்கள் கழித்து என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பலருக்கும் கிட்டத்தட்ட ஒன்றும் நினைவில்லை. ஆனால் அந்தச் சோகமும் சந்தோஷமும் அரை மணி நேரம் கழித்தும் அவர்களிடம் இருந்தன. அதிலும் காட்சிகளை எந்த அளவுக்கு மறந்திருந்தார்களோ அந்த அளவுக்குச் சோகம் நீடித்தது. இதைப் படித்த பிறகு, "சொன்னாலும் மறந்துடப் போறார், எப்படிச் சொன்னா என்ன?" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. காரணம் தெரியாமல் மனசு கனத்துக் கிடப்பது, காரணம் தெரிந்து அழுவதைவிடக் கொடுமை.

எங்களுக்குக் கஷ்டமான நேரம் சாயங்காலம். வெளிச்சம் இறங்கும்போது அப்பாவுக்கு இருப்புக் கொள்ளாது. இந்த நோயில் பலருக்கும் பொழுது சாயும்போது பதற்றம் கூடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அப்பா தையற்காரர். சொந்தக் கடை வைத்திருந்தவர். அது கைமாறிப் பல காலம் ஆகிறது. ஆனால் அந்த நேரம் வந்தால் எழுந்து நின்றுவிடுவார். "கடை தொறந்து கெடக்கு. சாவி எங்க?" கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடப்பார். "கடையே இல்லப்பா" என்கிற பதில் உண்மைதான். ஆனால் அந்த உண்மை அவருக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள். வாழ்நாள் உழைப்பு திறந்து கிடக்கிறது என்று ஒரு மனிதர் தவிக்கிறார், பெற்ற மகள் அப்படி ஒன்றே இல்லை என்கிறாள்.

நான் அவரோடு நடந்தேன். "கடையை நெனச்சுக் கவலையா இருக்காப்பா?" என்பேன். "பின்ன? துணியெல்லாம் ஊரான் துணி." அங்கேதான் விஷயம் இருந்தது. அவருடைய கவலை பூட்டைப் பற்றியது இல்லை, நம்பிக் கொடுத்தவர்களின் துணியைப் பற்றியது. "உங்ககிட்ட கொடுத்த துணி ஒண்ணுகூடத் தொலைஞ்சதில்லன்னு எல்லாரும் சொல்லுவாங்களேப்பா" என்றால் நடை மெதுவாகும். அது பொய்யும் இல்லை. பிறகு அளவு எடுப்பது பற்றி, காஜா போடுவது பற்றி ஒன்றிரண்டு கேட்பேன். பதில் பாதி புரியும், பாதி புரியாது. குரலில் பதற்றம் இறங்கிவிடும். இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுத் திரையை இழுத்துவிடுவதும், மதியத் தூக்கத்தைக் குறைத்துக் காலையில் வெயிலில் நடக்க வைப்பதும் இதற்குக் கைகொடுத்தன.

உண்மையைச் சொல்வதா, பொய் சொல்வதா என்று இந்த நோய் வந்த வீடுகளில் எல்லாம் ஒரு கேள்வி வரும். "அம்மா எங்க?" என்று தன் அம்மாவை, அதாவது என் பாட்டியை, தேடுவார் அப்பா. பாட்டி இறந்து எத்தனையோ வருடம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் சாவுச் செய்தி சொன்னால், ஒவ்வொரு முறையும் அது அவருக்கு முதல் செய்தி. அதற்காக "இப்ப வந்துடுவாங்க" என்றும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வராத ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். முதியோர் இல்லத்தில் பணிபுரிந்த நவோமி ஃபைல் என்ற அமெரிக்கப் பெண்மணி 1960களில் தொடங்கி வேலிடேஷன் என்ற ஒரு முறையை உருவாக்கினார். மறுக்கவும் வேண்டாம், பொய்யும் வேண்டாம், அந்தக் கேள்விக்கு அடியில் இருக்கிற உணர்வுக்குப் பதில் சொல்லுங்கள் என்பதுதான் அதன் சாரம். எனக்கு ஒத்துவந்தது இதுதான். "பாட்டி ஞாபகம் வந்துடுச்சாப்பா? அவங்க உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?" என்பேன். சில சமயம் சிரித்துக்கொண்டே சொல்வார். சில சமயம் கண் கலங்குவார். கலங்கினால் கையைப் பிடித்துக்கொண்டு கூட உட்கார்ந்திருப்பேன். அழுகையை உடனே நிறுத்தியாக வேண்டும் என்று எதுவுமில்லை. மனசு ஆறாமல் பயத்தில் துடிக்கிற ராத்திரிகளில் ஒரு சின்னப் பொய் சொல்லித் தூங்க வைக்கிற வீடுகளும் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

பேசுகிற விதத்தில் கவனித்தவை சில. பின்னால் இருந்தோ பக்கவாட்டில் இருந்தோ பேசினால் திடுக்கிடுவார், எதிரே வந்து அவர் கண் மட்டத்தில் உட்கார வேண்டும். டிவி ஓடக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம். "அதை எடுத்து அங்க வைங்க" என்றால் எதுவும் நடக்காது, "இந்தச் சட்டையை நாற்காலியில போடுங்க" என்றால் நடக்கும். "என்ன போட்டுக்கறீங்க?" என்பதைவிட "நீலமா, வெள்ளையா?" என்று இரண்டையும் கையில் பிடித்துக் காட்டுவது நல்லது. எல்லாவற்றையும்விடக் கடினமானது காத்திருப்பது. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பதில் வராதுபோல இருக்கும், பிறகு வரும். நடுவில் நாம் வேறு வார்த்தையில் திரும்பக் கேட்டால் அவர் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. காது கேட்கும் கருவியின் பேட்டரியை மறக்காமல் பாருங்கள். புரியவில்லை என்று நாம் நினைப்பதில் பாதி, கேட்காததாக இருக்கும்.

குளியல்தான் பெரிய போராட்டம். உடைகளைக் கழற்ற வந்தால் கையைத் தட்டிவிடுவார். அவர் பக்கம் இருந்து பார்த்தால் அது நியாயம்தானே? யாரோ ஒருத்தி வந்து சட்டையில் கை வைக்கிறாள். பெரிய துண்டு ஒன்றைத் தோளில் போர்த்தி, அது போர்த்தியபடியே உள்ளே சட்டையைக் கழற்றி, காலில் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு, "இப்ப முதுகுப்பா" என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்தால் ஒத்துழைத்தார். முடியாத நாளில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு விட்டுவிடுவோம். ஒருநாள் குளிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தச் சண்டையின் கலக்கம் ராத்திரி வரைக்கும் இருக்கும்.

வார்த்தை குறையக் குறைய, கை பேசியது. ஒரு கூடை நிறையத் துணித் துண்டுகள் வைத்திருக்கிறோம். ஒன்றை எடுத்து மடியில் விரிப்பார். கட்டைவிரலால் ஓரத்தை நீவிக்கொண்டே போவார், மடிப்பு கோணலாக இருக்கும் இடத்தில் விரல் நின்றுவிடும். நகத்தால் அங்கே ஒரு கோடு போடுவார். "இதப் பிரிச்சுத் தைக்கணும்" என்பார், முழு வாக்கியமாக. வேறு நேரத்தில் மூன்று வார்த்தை சேர்ந்து வருவதே அரிது. பக்கத்தில் இருப்பவர் பாராட்ட வேண்டும் என்றுகூட இல்லை. இன்னொரு துணியை எடுத்துக் கூடவே மடித்தால் போதும்.

மிக முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் அதிகமானால், இல்லாததைப் பார்த்து மிரண்டால், அல்லது பகலெல்லாம் தூங்கி வழிந்தால், "நோய் முத்திடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். அல்சைமர் அப்படி ஒரே நாளில் முற்றுவதில்லை. அப்பாவுக்கு ஒருமுறை சிறுநீர்த் தொற்று அப்படித்தான் வெளிப்பட்டது. காய்ச்சல்கூட இல்லை. மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, வலி, புது மாத்திரை என்று எதுவும் காரணமாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஆவேசத்தை அடக்க மாத்திரை எழுதினால் ஏன், எத்தனை நாளைக்கு என்று கட்டாயம் கேளுங்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு ஆன்டிசைகாடிக் என்ற வகை மனநோய் மருந்துகள் கொடுத்தால் உயிர் ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005இலேயே எச்சரித்தது. லூயி பாடி வகை என்றால் இன்னும் கூடுதல் கவனம் தேவை. தேவைப்படும் இடங்கள் உண்டு, ஆனால் முதல் வழி அதுவல்ல.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். "நீங்க யாருங்க?" என்று அப்பா அம்மாவையே கேட்டது ஒரு ராத்திரி. நான் உறைந்துபோனேன். அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களப் பாத்துக்கறவங்க. நான் இங்கதான் இருப்பேன், தூங்குங்க" என்றார். அப்பா, "ரொம்ப நல்லதும்மா" என்று கண்ணை மூடிக்கொண்டார். அம்மா அடுப்படிக்குப் போய் அழுதார். அதிலிருந்து வாரத்தில் ஒரு மதியம் அம்மாவுக்கு என்று ஒதுக்கினோம். வெளியே போகலாம், தூங்கலாம், எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவே வேண்டாம். ஆரம்பத்தில் மறுத்தார், இப்போது எதிர்பார்க்கிறார்.

அந்த மதியங்களில் அப்பாவோடு இருக்க ஒருவரை வைத்தபோது ஒரு நோட்டு எழுதிக் கொடுத்தோம். மருந்து நேரமெல்லாம் கடைசிப் பக்கத்தில்தான். முதல் பக்கத்தில் இருப்பது இது: வந்ததும் உங்கள் பெயரையும் வந்த காரியத்தையும் நீங்களே சொல்லுங்கள். சாவியைத் தேடினால் கூட நடந்தபடி கடையைப் பற்றிக் கேளுங்கள். தன் அம்மா எங்கே என்று கேட்டால் இறந்துவிட்டதாகச் சொல்ல வேண்டாம், அந்த அம்மா எப்படி இருப்பார் என்று கேளுங்கள். கோபப்பட்டால் முதலில் பாத்ரூம் போக வேண்டுமா, எங்காவது வலிக்கிறதா என்று பாருங்கள். இடது தோளில் பழைய வலி உண்டு, அந்தக் கையைப் பிடித்துத் தூக்க வேண்டாம்.