திறப்பு விழாவுக்கு அப்புறம்

ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து நடத்தும் கண்காட்சி எதுவானாலும் செய்தியில் ஒரே மாதிரிப் புகைப்படம்தான் வரும். தூதரக அதிகாரி, கண்காட்சியைத் திட்டமிட்டு அமைத்த இரண்டு பக்கத்துக் கியூரேட்டர்கள், நடுவில் கலைஞர், பின்னால் படைப்பு. அந்தப் படைப்பு எப்படி அங்கே வந்து சேர்ந்தது, படம் எடுத்தவர்கள் போன பிறகு அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் வேலை. ஆஸ்திரேலியாவில் ஒரு கலைக்கூடத்தில், கடனாக வந்துபோகும் படைப்புகளுக்கு நான் பொறுப்பு. மரப்பெட்டி, காப்பீடு, சுங்கத் தாள்கள், அறையின் ஈரப்பதம் என்று போகும் என் நாள். இந்த இடத்திலிருந்து பல வருடம் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. இரண்டு நாட்டுக்கும் இடையில் நிலைத்தவை எல்லாம், யாரோ ஒருவர் வருடக்கணக்காகக் கூடவே இருந்து கவனித்துக்கொள்ளச் சம்மதித்தவை.

கான்பராவில் தேசியக் கலைக்கூடத்தின் சிற்பத் தோட்டத்தில் ஒரு குளம் இருக்கிறது. கரையில் சவுக்கு மரங்கள். மதியவேளையில் கொஞ்ச நேரம் அங்கே மூடுபனி எழுந்து, குளத்தின் மேல் பரவி, மரங்களுக்குள் புகுந்து போகும். ஜப்பானியக் கலைஞர் ஃபுஜிகோ நகாயாவின் படைப்பு அது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழாவான சிட்னி பியனாலேவுக்காக, 1976-இல் அவர் நகரின் டொமெய்ன் பூங்காவில் மூடுபனியை எழுப்பினார். அதன் பிறகு தேசியக் கலைக்கூடம் அவருடைய மூடுபனியைத் தன் தொகுப்பில் சேர்த்து இந்தத் தோட்டத்தில் அமைத்தது. இதன் எண் 94925. உலக வானிலை அமைப்பு கான்பரா வானிலை நிலையத்துக்குக் கொடுத்த எண் அது. எந்த ஊரில் அமைத்தாலும் அந்த ஊர் நிலையத்தின் எண்ணைப் படைப்புக்கு வைப்பது அவர் வழக்கம். வானிலைமேல் இந்த அக்கறை வீட்டிலேயே இருந்ததுதான். அவருடைய அப்பா உகிச்சிரோ நகாயா, 1936-இல் உலகில் முதன்முதலாக ஆய்வகத்தில் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்த இயற்பியலாளர்.

மூடுபனி எழுவது வெறும் தண்ணீரால்தான். ரசாயனம் கிடையாது. உயர் அழுத்தத்தில் தண்ணீரை நுண்ணிய துளைகள் வழியே பீய்ச்சி, கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைப்பார்கள். 1970 ஒசாகா எக்ஸ்போவில் பெப்சி அரங்கை மூடுபனியால் மூடுவதற்காக, டாம் மீ என்ற அமெரிக்க விஞ்ஞானியோடு சேர்ந்து நகாயா உருவாக்கிய முறை இது. துளை அவ்வளவு சிறிது என்பதால் அடைத்துக்கொள்ளவும் செய்யும். வடிகட்டியை மாற்ற வேண்டும், பம்பைக் கவனிக்க வேண்டும், குழாயைச் சோதிக்க வேண்டும். கான்பராவின் கோடை வறண்டது. அந்தக் காற்றில் மூடுபனி எழுந்த வேகத்திலேயே காணாமல் போகும். குளிர்காலக் காலையின் சில்லிப்பு மிச்சமிருக்கும் நாளில் தரையோடு ஒட்டிக்கொண்டு நகராது. ஒரு நாள் பார்த்த வடிவம் மறுநாள் இருக்காது. ஜப்பானியக் கலைஞர் கொடுத்தது ஏற்பாட்டை மட்டும். மிச்சத்தைக் கான்பராவின் காற்றும், அங்கே குழாயைப் பார்க்கும் ஊழியர்களும் செய்கிறார்கள். இரண்டு நாட்டுக் கலை உறவு என்று யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இந்தக் குளத்துக்குத்தான் போகச் சொல்வேன்.

ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின் வெள்ளை அறையும் இந்த வகைதான். சுவர், நாற்காலி, மேசை எல்லாம் வெள்ளை. வருகிறவர்கள் வண்ணப் புள்ளி ஸ்டிக்கர்களை ஒட்டி ஒட்டி அறையையே மறைத்துவிடுவார்கள். பல நாடுகளுக்குப் போய்வந்த அந்த அறை, 2002-இல் பிரிஸ்பேனில் குவீன்ஸ்லாந்து கலைக்கூடத்தின் ஆசிய பசிபிக் டிரையனாலேவுக்காக, அதாவது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் கலைவிழாவுக்காக, குழந்தைகளை மனத்தில் வைத்து உருவானது. அதைப் பலர் மறந்துவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானில் பெரிய போக்குவரத்து நிறுவனங்களுக்கு, நிப்பான் எக்ஸ்பிரஸ், யமாட்டோ போன்றவற்றுக்கு, கலைப்பொருள்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவு ஆட்கள் டோக்கியோவில் ஒரு கிடங்கில் பீங்கான் படைப்பு ஒன்றைப் பொதிவதை முதன்முறை பார்த்தபோது நான் குறிப்பு எடுப்பதையே விட்டுவிட்டு நின்றேன். கடிகாரம், மோதிரம் எல்லாம் கழற்றியாயிற்று. தரையில் ஒரு கெட்டித் துணி விரித்தார்கள். மூத்தவர் மெல்லிய வெள்ளைக் காகிதத்தை எடுத்துக் கசக்கினார், பிரித்தார், மறுபடி கசக்கினார். அதன் விறைப்புப் போய்த் துணிபோல் குழைந்த பிறகுதான் பொருளின் அருகில் கொண்டுபோனார். இளையவர் பஞ்சை அதே காகிதத்தில் சுருட்டி, தலையணைபோலச் சின்னச் சின்னப் பொதிகளாகச் செய்து வைத்துக்கொண்டே வந்தார். பீங்கானின் கழுத்துக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, அடிக்கு ஒன்று. எங்கே பலம் குறைவு என்று மூத்தவர் விரலால் தொட்டுக் காட்டுவார், அங்கே ஒன்று போகும். இருவரும் பேசியது மிகக் குறைவு.

நாங்கள் வேறு மாதிரி செய்வோம். பொருளை அளந்து, கெட்டி ஃபோமை அதன் வடிவத்துக்கே குடைந்து, பெட்டிக்குள் பொருத்துவோம். பெட்டியை யார் திறந்தாலும், எந்த நாட்டில் திறந்தாலும், பொருள் எங்கே உட்கார வேண்டும் என்று ஃபோமே சொல்லிவிடும். அது ஒரு பலம். ஆனால் அந்த ஃபோம் அந்த ஒரு பொருளுக்கு மட்டும்தான். வேலை முடிந்தால் குப்பை. பஞ்சும் காகிதமும் அடுத்த பொருளுக்கு ஆகும், ஆனால் பொதியத் தெரிந்த கை வேண்டும். ஒரு கூட்டுக் கண்காட்சியில் இரண்டையும் கலந்து செய்தோம்: வெளிப்பெட்டியும் ஃபோமும் எங்களுடையது, உள்ளே பொதிந்தது அவர்கள். அந்தக் கண்காட்சியைப் பற்றி வந்த கட்டுரைகளில் இது ஒரு வரிகூட வரவில்லை. எனக்கோ அதில் நடந்த மிகச் சிறந்த பரிமாற்றம் அதுதான்.

பூச்சியும் நோயும் நாட்டுக்குள் வராமல் தடுக்கும் ஆஸ்திரேலியாவின் குவாரன்டைன் விதிகள் பற்றி ஜப்பானியக் கலைஞர்களிடம் எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது. வைக்கோல், உமி, பட்டை உரிக்காத மரம், மண் இவற்றையெல்லாம் கொண்டு வேலை செய்கிறவர்கள் அங்கே நிறையப் பேர். இங்கே அவை அப்படியே உள்ளே வர முடியாது. புகையூட்டவோ சூடேற்றவோ கதிர்வீச்சுக்கு உட்படுத்தவோ சொல்வார்கள். அதில் நிறம் மாறலாம், வாசனை போகலாம். இதைக் கப்பலில் ஏற்றும் வாரத்தில் சொன்னால் கலைஞர் மனம் நொந்துபோவார். முதல் கடிதத்திலேயே சொன்னால் அவரே வழி கண்டுபிடிப்பார்: இங்கே வந்து, இங்கத்து வைக்கோலில், இங்கத்து மண்ணில் செய்வார். அப்படிச் செய்ததில்தான் பல நல்ல படைப்புகள் பிறந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எதிர்த் திசையில் போனவற்றில் 2008-ஐ மறக்க முடியாது. ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் எமிலி கேம் குங்வாரேயின் ஓவியங்கள் ஒசாகாவின் தேசியக் கலை அருங்காட்சியகத்துக்கும், பிறகு டோக்கியோவின் தேசியக் கலை மையத்துக்கும் போயின. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே யுடோபியா என்ற பாலை நிலத்தில் பிறந்து, முதலில் பாத்திக் துணியில் வரைந்து, எழுபதுகளின் இறுதி வயதில்தான் கித்தானுக்கு வந்தவர் எமிலி. 1996-இல் இறப்பதற்குள் ஆயிரக்கணக்கான ஓவியங்களை வரைந்துவிட்டார். அவற்றில் ஒன்று, 1995-இல் இரண்டே நாளில் வரைந்தது, எட்டு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம். கறுப்பில் வெள்ளைக் கோடுகள், மண்ணுக்கடியில் படரும் கிழங்கின் வேர்களாக ஓடுகின்றன. இவ்வளவு பெரிய கித்தானைச் சட்டத்தோடு விமானத்தில் ஏற்றுவது பெரும்பாடு. சட்டத்திலிருந்து கழற்றி அகலமான உருளையில் சுற்றுவதுதான் பொதுவான முறை. வண்ணப் பக்கம் வெளியே இருக்க வேண்டும், உள்பக்கமாகச் சுற்றினால் வண்ணம் நெரிந்து வெடிக்கும். எங்கள் தொழிலில் புதிதாக வருகிறவர்களுக்கு இதை நம்ப வைப்பது சிரமம்.

அந்தக் கண்காட்சியை அமைத்தவர் மார்கோ நீல். அவர் 1998-இலேயே குவீன்ஸ்லாந்தில் எமிலியின் பெரிய கண்காட்சியை நடத்தியவர். ஜப்பான் பக்கம், அப்போது ஒசாகா அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த அகிரா தாதேஹாதா. எமிலியின் ஓவியங்களை இனவியல் அருங்காட்சியகத்தில் வைக்காமல், தற்காலக் கலைக்கான தேசிய அரங்குகளில் தனி ஒரு ஓவியராக வைத்தார்கள். அந்த முடிவை நான் இன்றும் மெச்சுகிறேன்.

ஜப்பானில் மலையும் பனியுமாக இருக்கும் நீகாட்டா மாகாணத்தின் தோகாமாச்சிப் பகுதிக்குப் போனால் ஆஸ்திரேலிய இல்லம் என்று ஒரு கறுப்பு மரவீடு. ஃப்ராம் கிதாகாவா 2000-இல் தொடங்கிய எச்சிகோ-த்சுமாரி டிரையனாலேவின் பகுதி அது. இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டு முதியவர்கள் மட்டும் மிஞ்சிய ஊர்களில், காலி வீட்டிலும் மூடிய பள்ளியிலும் வயல் ஓரத்திலும் கலையை வைக்கும் விழா. 2009-இல் பழைய பண்ணைவீடு ஒன்றை ஆஸ்திரேலியக் கலைஞர்கள் தங்கி வேலை செய்யக் கொடுத்தார்கள். 2011 மார்ச் 11-இன் பெரும் நிலநடுக்கத்துக்கு மறுநாள் விடிவதற்குள், நாகானோ எல்லையில் இன்னொரு நிலநடுக்கம். வீடு போய்விட்டது.

அங்கேயே விட்டிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். விடவில்லை. போட்டி வைத்தார்கள், ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ நடுவர் குழுவின் தலைவர், சிட்னியின் கட்டடக் கலைஞர் ஆண்ட்ரூ பர்ன்ஸ் வரைந்த வீடு தேர்வானது. முக்கோணத் தரையமைப்பு, பனி சரிந்து விழும் செங்குத்துக் கூரை. குளிர்காலத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிப் பனி குவியும் ஊர் அது. 2012 கோடையில் திறந்தது, அடுத்த வருடம் ஆஸ்திரேலியக் கட்டடக் கலைஞர் கழகத்தின் யோர்ன் உட்சன் விருது கிடைத்தது. உள்ளே ஆஸ்திரேலியக் கலைஞர் ப்ரூக் ஆண்ட்ரூ, விராஜூரி என்ற பழங்குடியைச் சேர்ந்த தன் மூதாதையரின் கோட்டு வடிவங்களைக் கொண்டு நிரந்தரப் படைப்பு ஒன்றைச் செய்தார். கட்டியவர்களைவிட அந்த ஊர்க்காரர்களைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். தங்கள் ஊரில் வீடுகள் சேதமாகிக் கிடந்த வருடத்தில், தொலைதூர நாட்டுக்காரர்கள் வந்து தங்குவதற்கு மறுபடி இடம் கொடுத்தவர்கள் அவர்கள்.

2018 சிட்னி பியனாலேவை இயக்கியவர் டோக்கியோ மோரி அருங்காட்சியகத்தின் மாமி கதாஓகா. அந்தப் பொறுப்புக்கு ஆசியாவிலிருந்து வந்த முதல் ஆள். அவருக்கு அடுத்து 2020-இல் இயக்கியவர் இதே ப்ரூக் ஆண்ட்ரூ. தற்செயலாக இருக்கலாம். என்றாலும், பனி மலையில் ஒரு வீட்டின் சுவரில் வேலை செய்தவர் இங்கே முழு பியனாலேவையும் கையில் எடுத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எல்லாமே நட்புக் கதை என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் ஆஸ்திரேலிய யுரேனியம் இருந்தது என்று 2011 அக்டோபரில் ஆஸ்திரேலிய அரசு அதிகாரியே நாடாளுமன்றக் குழுவின் முன் உறுதி செய்தார். அதற்கு முன்பே, ரேஞ்சர் யுரேனியச் சுரங்கம் இயங்கிய நிலத்தின் பூர்வகுடிகளான மிரார் மக்கள் சார்பாக இவோன் மார்கருலா ஐ.நா. பொதுச்செயலாளருக்குத் தன் துயரத்தை எழுதியிருந்தார். டோக்கியோவில் பிறந்த கலைஞர் கென் யோனெதானியும் மனைவி ஜூலியாவும் இதற்குப் பிறகு செய்தது, யுரேனியம் கலந்த கண்ணாடி மணிகளாலான சரவிளக்குகள். அப்போது அணுமின் நிலையம் இருந்த நாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு, மொத்தம் 31. இருட்டில் புறஊதா ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும். அழகாக இருக்கிறது என்று அருகே போன பிறகுதான் எதன் அழகு என்று புரியும். இரண்டு நாட்டுக்கும் இடையில் உண்மையில் போய்வந்தது என்ன என்று இவ்வளவு நேராகச் சொன்ன படைப்பை நான் வேறு பார்க்கவில்லை.

தூதரகங்கள் அறிவிக்கும் நட்பு ஆண்டுகளைப் பற்றி எனக்கு முன்பு பெரிய மதிப்பு இல்லை. 2006-இல், 1976 நட்புறவு ஒப்பந்தத்தின் முப்பதாம் ஆண்டுக்கு, டோக்கியோவின் பிரிட்ஜ்ஸ்டோன் அருங்காட்சியகத்தில் தற்கால ஆஸ்திரேலியக் கலைக்கு ஒரு கண்காட்சி நடந்தது. வருடம் முடிந்ததும் பேச்சும் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அதே அருங்காட்சியகம் புதிய கட்டடத்தில் ஆர்ட்டிசோன் என்ற பெயரில் 2020-இல் திறந்து, 2025 கோடையில் ஆஸ்திரேலிய முதல்குடிப் பெண் கலைஞர்களுக்கென்றே பெரிய கண்காட்சி நடத்தியது. எமிலி அதில் மறுபடி வந்தார். 1956 முதல் 1963 வரை பிரிட்டன் அணு ஆயுதச் சோதனைகள் நடத்திய, தெற்கு ஆஸ்திரேலியாவின் மராலிங்கா நிலத்தைக் கண்ணாடியில் ஊதி உருவாக்கும் யோனி ஸ்கார்ஸும் வந்தார். பத்தொன்பது வருடம் இடைவெளி விட்டு ஒரு நிறுவனம் இப்படித் திரும்ப வருகிறது என்றால், உள்ளே யாரோ கோப்புகளை மூடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். ஆகவே இப்போது எங்களிடம் நட்பு ஆண்டு நிதியோடு யாராவது வந்தால், திறப்பு விழாவுக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், அடுத்த பத்து வருடத்துக்கு இதை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார், அவருடைய சம்பளம் எந்தக் கணக்கில் வரும் என்று கேட்கிறேன்.